வடிந்த ஆற்றை நம்பி எழுதாதீர்கள்: ஆற்றளவையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொள்ளிடத்தில் புதிதாகக் கள வேலைக்கு வந்த நான்கு பேர் போன மாதம் தங்கள் குறிப்பேட்டைக் காட்டினார்கள். வைகாசியில் எடுத்த படுகை மட்டமும் வெள்ளம் வடிந்து தையில் எடுத்த மட்டமும் பக்கம் பக்கமாக இருந்தன. வித்தியாசம் நாலு விரற்கடை. கீழே “இந்த ஆண்டு அரிப்பு இல்லை” என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்கள். இருபது வருடத்துக்கு முன்னால் நான் எழுதிய அதே வரி. மட்டக்கோலைச் சாய்த்துப் பிடிப்பது, தேதி போட மறப்பது எல்லாம் இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மேலே அரிப்பு, கீழே படிவு என்று பிரித்துவிடுவது

பள்ளிக்கூடத்தில் படித்தது தப்பில்லை. குடகு மலையிலிருந்து ஒகேனக்கல் வரை காவிரி பாறையை அறுக்கிறது, திருச்சிக்குக் கிழக்கே வண்டலைப் பரப்புகிறது. ஆனால் எந்த வளைவில் போய் நின்றாலும் இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடக்கும். வெளிக்கரையில் தண்ணீர் வேகமாக மோதுவதால் கரையின் அடி குடைந்து மேல்மண் சரியும், அங்கே மடு விழும். உள்கரையில் வேகம் தணிந்து மணல் திட்டாக ஒதுங்கும். அந்தத் திட்டில் நாணல் வேர் பிடித்துவிட்டால் அடுத்த வெள்ளத்தின் மண்ணையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். ஆறு மெல்ல வெளிக்கரைப் பக்கம் நகர்ந்துகொண்டே போகும்.

ஒரு கரையில் நின்றே எழுதிவிடுவது

மறுகரைக்கும் போங்கள்.

வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் மட்டும் அளந்து ‘அரிப்பு இல்லை’ என்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. தொடக்க காலத்தில் கொள்ளிடத்தின் நடுவில் நீர்மட்டம் பார்க்க ஓர் இரும்புக் கம்பம் நட வேண்டியிருந்தது. மூன்று ஆண்டு அளவுகளைப் புரட்டினேன். ஒவ்வொரு கோடையிலும் படுகை ஏறக்குறைய ஒரே மட்டத்தில்தான் இருந்தது. சரி, ஒன்றரை மீட்டர் ஆழம் போதும் என்று நட்டோம். ஆடி வெள்ளம் வந்த இரண்டாம் இரவில் கம்பம் போய்விட்டது. அதில் கட்டியிருந்த பதிவுக் கருவியும் போனது. அந்த வெள்ளத்தின் உச்சத்தைப் பற்றி ஓர் எண்கூட மிஞ்சவில்லை. தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தால், கம்பம் நின்ற இடத்தில் மணல் யாரும் தொடாததுபோல் பழைய மட்டத்திலேயே கிடந்தது.

நடந்தது இதுதான். வெள்ளம் ஏற ஏற வேகம் கூடி, படுகை மணல் கிளம்பி ஓடுகிறது. உச்சத்தின்போது படுகை மிக ஆழத்தில் இருக்கிறது. அப்புறம் தண்ணீர் இறங்கும்போது, மேலேயிருந்து வரும் மணலைத் தூக்கிச் செல்ல வேகம் போதாமல் அதே பள்ளத்தில் போட்டு நிரப்பிவிடுகிறது. நாம் கோலோடு போய்ச் சேரும்போது தோண்டிய தடமே இருக்காது. மணல் மட்டும் புதிது, இளகல்.

பாலத்தூண் இருந்தால் இன்னும் மோசம். தூணில் மோதிய தண்ணீர் கீழ்நோக்கிப் பாய்ந்து, அடியைச் சுற்றிச் சுழன்று மணலைப் பறிக்கிறது. நம் ஆறுகளில் அந்தக் காலத்தில் மணலுக்குள் ஆழமாகக் கிணறு போன்ற அஸ்திவாரத்தை இறக்கி அதன்மேல் தூண் எழுப்பியது இதற்காகத்தான். படுகையில் மணலை அள்ளினால் அந்தக் கிணறு புதைந்திருக்கும் ஆழம் குறைகிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் ஒரு பகுதி விழுந்தது. அதே மாதம் முக்கொம்பில் கொள்ளிட மேலணையின் ஒன்பது மதகுகள் போயின. நாம் எழுதும் ‘அரிப்பு இல்லை’ என்ற வரியை வைத்து யாரோ ஒருவர் அஸ்திவார ஆழத்தை முடிவு செய்வார் என்பதை மறக்காதீர்கள்.

வழி ஒன்றும் கடினமில்லை. கோடையில் ஒரு சங்கிலியைப் படுகையில் செங்குத்தாகப் புதையுங்கள். அடிமுனையைக் கட்டி நிறுத்துங்கள், மேல்முனை சும்மா இருக்கட்டும். வெள்ளத்தில் மணல் போகப் போக, பிடிமானம் இழந்த சங்கிலி ஓட்டத்தின் பக்கம் படுத்துவிடும். அடுத்த கோடையில் தோண்டினால் அது மடங்கியிருக்கும் இடம்தான் ஆறு தோண்டிய ஆழம். அதற்கு மேலே உள்ளது திரும்ப நிரப்பிய மணல். எங்கள் சங்கிலிகளில் ஒன்று, இரண்டு மீட்டருக்கும் கீழே மடங்கிக் கிடந்தது. மேல்மட்டத்திலோ ஒரு சாண் மாற்றம்கூட இல்லை.

தெளிந்த தண்ணீரைச் சாதுவென்று நினைப்பது

அணையில் வண்டல் தங்கிவிடுகிறது. மேட்டூரில் 1934 முதல் இதுதான் நடக்கிறது. சுமை இறங்கிய தண்ணீருக்கு மண்ணைத் தூக்கும் தெம்பு மிச்சமிருக்கும், அதனால் அணைக்குக் கீழே படுகையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். கலங்கல் இல்லையே என்று அங்கே அளப்பதைக் குறைக்காதீர்கள்.

நுண்ணிய மண்தான் முதலில் அரியும் என்பது

முதலில் கிளம்புவது சன்ன மணல். களிமண் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால் அதைப் பெயர்க்க அதிக வேகம் வேண்டும். ஆனால் ஒருமுறை கலங்கிவிட்டால் தண்ணீர் ஏறக்குறைய அசையாமல் நிற்கும் இடம் வரும்வரை அது படியாது.

கம்பு குத்திப் பார்க்காமல் புது மணலில் கால் வைப்பது

வேண்டவே வேண்டாம்.

சங்கிலி புதைத்த இடத்தில் கொடி நட்டுவிட்டு வருவது

கொடி வெள்ளத்தோடு போய்விடும். கரையில் உள்ள இரண்டு பெரிய மரங்களிலிருந்து தூரம் அளந்து குறிப்பேட்டில் எழுதுங்கள். வெளிக்கரை மரமாக இருந்தால் வேண்டாம், அதுவும் போகலாம்.