மலையில் ட்ரோன் பறக்கவிடப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

சீசன் தொடங்கிவிட்டால் ஊட்டி, கோத்தகிரி, வால்பாறை பக்கமெல்லாம் புது ட்ரோனோடு வருகிறவர்களைப் பார்க்கலாம். நானும் என்னோடு ட்ரோன் தொழிலில் இருப்பவர்களும் ஆரம்பத்தில் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். பேட்டரியை முழுதாக ஏற்றுவது, ப்ரொப்பல்லரைச் சரியாக மாட்டுவது எல்லாம் கூட வரும் கையேட்டிலேயே இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன். சமவெளியில் நன்றாகப் பறக்கவிடத் தெரிந்தவர்களும் மலையில் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஆர்டிஎச் உயரத்தைப் பார்க்காமலே கிளப்புவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். அத்தனை விலை கொடுத்து வாங்கிய ட்ரோன் போவதற்குக் காரணம், அரை நிமிடத்தில் மாற்றியிருக்க வேண்டிய ஓர் எண்.

ரிட்டர்ன் டு ஹோம், சுருக்கமாக ஆர்டிஎச். சிக்னல் அறுந்தால் ட்ரோன் நீங்கள் குறித்துவைத்த உயரத்துக்கு ஏறும், பிறகு ஹோம் பாயிண்டை, அதாவது கிளம்பிய இடமாக அது பதிவு செய்துவைத்த புள்ளியை, நோக்கி நேர்கோட்டில் வரும். ஏற்கெனவே அதைவிட உயரத்தில் இருந்தால் அதே உயரத்தில் வரும். அந்த உயரம் எங்கிருந்து கணக்கு என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். நீங்கள் ட்ரோனைக் கிளப்பிய இடம்தான் பூஜ்யம். கீழே இருக்கும் நிலம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது அந்தக் கணக்கில் இல்லை. திரையில் 100 மீட்டர் என்று காட்டும்போது எதிரே இருக்கும் சரிவு ட்ரோனுக்குப் பத்து மீட்டர் கீழே இருக்கலாம்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துச் சாலையில் கல்யாண வீடியோ எடுக்க வந்த ஒரு தம்பி ட்ரோனைக் கிளப்பினார். எதிரே இருந்த முகடு அந்தச் சாலையிலிருந்து 90 மீட்டர் உயரம் இருக்கும். 110 மீட்டருக்கு ஏற்றி, முகட்டை அழகாகத் தாண்டி, அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இறக்கினார். ஆர்டிஎச் உயரம் சமவெளியில் வைத்திருந்த 60 மீட்டரிலேயே இருந்தது. நடுவில் மலை வந்தால் ரிமோட்டின் அலை போகாது, சிக்னல் அறுந்தது. “அதுவே வந்துடும்ணா” என்றார். அது வரத்தான் செய்தது. 60 மீட்டருக்கு ஏறி, நேராக வந்து, முகட்டின் பின்பக்கத்தில் மோதியது. ட்ரோன் சொன்னதைத்தான் செய்தது.

எதிரே வரும் தடையைக் கண்டறியும் சென்சார் காப்பாற்றும் என்று வாதாடுவார்கள். குறைந்த விலை மாடல்கள் பலவற்றில் முன்பக்கம் சென்சாரே கிடையாது. இருக்கும் மாடல்களிலும் மங்கிய வெளிச்சத்தில், மூடுபனியில், சோலை மரங்களின் மெல்லிய கிளைகளுக்கு முன்னால் அதை நம்ப முடியாது.

சரி, எவ்வளவு வைப்பது? நான் செய்வது இது. ட்ரோனை உங்கள் பக்கத்திலேயே நேராக மேலே ஏற்றுங்கள். கேமராவைக் கீழேயும் இல்லாமல் மேலேயும் இல்லாமல் மட்டமாக வைத்து முகட்டைப் பாருங்கள். படத்தின் நடுக்கோட்டில் முகடு வந்தால் ட்ரோனும் முகடும் ஒரே உயரம். முகடு நடுக்கோட்டுக்குக் கீழே இறங்கியதும் திரையில் உள்ள உயரத்தைக் குறித்துக்கொண்டு, அதோடு 30 மீட்டர் சேர்த்து ஆர்டிஎச் உயரமாக வையுங்கள். முகட்டில் மரம் இருந்தால் மர உச்சியைப் பார்த்துக் கணக்கிடுங்கள். சட்டம் அனுமதிக்கும் உயரத்துக்குள் இந்தக் கணக்கு அடங்கவில்லை என்றால் அந்த முகட்டைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். இடம் மாறினால் மறுபடி முதலிலிருந்து.

உச்சியில் நின்று கீழே பள்ளத்தாக்குக்குள் இறக்குகிறவர்களுக்கு இதே சிக்கல் தலைகீழாக வரும். 200 மீட்டர் இறங்கிய ட்ரோன் திரும்பும்போது அந்த 200 மீட்டரையும், அதற்கு மேல் ஆர்டிஎச் உயரத்தையும் ஏறியாக வேண்டும். ஏற்றம்தான் பேட்டரியைத் தின்னும். பாதி இருக்கும்போதே திருப்பிவிடுங்கள்.

இன்னொன்று, அருவிக்குப் பக்கத்தில் தொங்கும் பாறைக்கு அடியிலோ மரக்கூரைக்கு அடியிலோ பறந்தால் சிக்னல் போனதும் ட்ரோன் நேராக மேலே ஏறி அந்தப் பாறையிலோ கிளையிலோ இடிக்கும். அந்த ஒரு ஷாட்டுக்கு மட்டும், சிக்னல் போனால் அங்கேயே நில் என்று அமைப்பை மாற்றிவிட்டு, நீங்கள் நடந்து போய்ச் சிக்னலைப் பிடியுங்கள். முடிந்ததும் பழையபடி மாற்ற மறக்காதீர்கள்.

நிற்கும் இடத்துக் காற்றை வைத்து முடிவு செய்வது

சாலையில் இலை அசையாது. முகட்டுக்கு மேலே ஏறியதும் ட்ரோன் தள்ளாடும். டிஜேஐ நிறுவனத்தின் மினி 4 ப்ரோ ட்ரோன் தாங்கும் காற்று நொடிக்கு 10.7 மீட்டர், அதாவது மணிக்கு 38 கிலோமீட்டர் அளவு. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குத்தொடர்ச்சி மலையின் முகடுகளில் அந்த எல்லையைத் தாண்டுவது சாதாரணம். முகட்டைத் தாண்டிய காற்று மறுபக்கச் சரிவில் சுருண்டு கீழே இறங்கும். அந்தப் பக்கம் ஒட்டிப் பறந்தால், ஸ்டிக்கை முழுதாக மேலே தள்ளினாலும் ட்ரோன் இறங்கிக்கொண்டே இருக்கும். சரிவிலிருந்து விலகிப் போங்கள். கிளம்பும்போது எப்போதும் எதிர்க்காற்றில் போங்கள், திரும்பும்போது காற்று உங்களோடு வரட்டும்.

உயரத்தில் காற்று மெலிது

தொட்டபெட்டா 2,637 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. ப்ரொப்பல்லர் வேகமாகச் சுற்ற வேண்டும், பறக்கும் நேரம் குறையும். லடாக் போகிறவர்கள் உங்கள் மாடலை எந்த உயரம் வரை கிளப்பலாம் என்ற எல்லையைப் பாருங்கள். மினி 4 ப்ரோவுக்கு 4,000 மீட்டர், மேவிக் 3-க்கு 6,000. அங்கே இருக்கும் கார்துங் லா கணவாய் 5,000-க்கும் மேல். குளிரில் பேட்டரியை உள்சட்டைப் பையில் வைத்துச் சூடாக எடுங்கள்.

ஹோம் பாயிண்ட் பதிவாகும் முன் கிளப்புவது

பள்ளத்தாக்கில் ஜிபிஎஸ் பிடிக்க நேரமாகும், அது பிடித்தால்தான் ஹோம் பாயிண்ட் பதிவாகும். காத்திருங்கள்.

பள்ளத்தாக்கின் குறுக்கே போகும் மின்கம்பி

சென்சாருக்குத் தெரியாது. முதலில் இரு பக்கமும் மின்கோபுரத்தைத் தேடுங்கள்.

கழுகு

வந்தால் மேலே ஏற்றுங்கள், பிறகு இடத்தை விட்டே கிளம்புங்கள். அது அதன் இடம்.

250 கிராமுக்குக் குறைவு, அதனால் எங்கும் விடலாம் என்பது

விட முடியாது. 2021 ட்ரோன் விதிகளின் மண்டலக் கட்டுப்பாடு இந்த எடையுள்ள நானோ ட்ரோனுக்கும் உண்டு. முன் அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்திலும் 400 அடிதான் எல்லை. மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். முதுமலை, ஆனைமலை போன்ற காப்பகங்களில் வனத்துறை அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. வரையாடுகள் குட்டி போடும் காலத்தில் மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவையே பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடிவைக்கிறார்கள். பாறை விளிம்பில் குட்டியோடு நிற்கும் ஆட்டை ஒரு ட்ரோன் சத்தம் விரட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அந்தப் படம் எனக்கு வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்.

விழுந்ததும் பின்னாலேயே இறங்குவது

செயலியில் கடைசி இடம் பதிவாகியிருக்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். மாலை ஆகிவிட்டால் சோலைக்குள் போகாதீர்கள், காட்டெருமையும் யானையும் நடமாடும் நேரம் அது. காலையில் தோட்டத்து ஆள் ஒருவரோடு போங்கள். கோடையில் காய்ந்த புல்மேட்டில் விழுந்திருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். நசுங்கிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். திட்டு விழும் என்று பயந்து மறைக்காதீர்கள்.