பூஜ்ஜியத்தில் நிற்காத எடைக்கருவி

5 கிலோ லோடு செல்லை (எடையைச் சிறு மின்னழுத்தமாக மாற்றும் உணரியை) வைத்து நான் அமைத்த எடைக்கருவியில், தட்டு காலியாக இருந்தபோதே அளவு 20 நிமிடங்களில் 15 கிராம் வரை மெல்ல ஏறியது. முழு எடைக்கே 10 மில்லிவோல்ட்தான் கிடைக்கிறது என்பதால், ஒரு கிராம் என்பது 2 மைக்ரோவோல்ட் மட்டுமே.

கவசக் கம்பியின் இரு முனைகளும் தரையிணைப்பில் இருந்ததை ஒன்றாகக் குறைத்ததும் மின்விநியோகத்திலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அடங்கியது, அளவு மெல்ல ஏறும் நகர்வு அடங்கவில்லை. நிரலில் சராசரி எடுத்தும் பயனில்லை, ஏனெனில் சராசரி நடுக்கத்தைக் குறைக்குமே தவிர, ஒரே பக்கம் சாயும் பிழையைத் தொடாது. லோடு செல்லையும் மாற்றிப் பார்த்ததில் மூன்று நாட்கள் வீணாயின.

பிறகு லோடு செல்லின் சமிக்ஞைக் கம்பிகளைக் கழற்றிவிட்டு, அந்தச் சமிக்ஞையை அளக்கும் மின்சுற்றுப் பலகையின் இரு உள்ளீட்டு முனைகளையும் சிறு செம்புக் கம்பியால் இணைத்தேன். அப்போதும் அதே நகர்வு தொடர்ந்ததால், பிழை பலகையிலேயே பிறக்கிறது என்பது உறுதியாயிற்று. விரலை வைத்துப் பார்த்தபோது, ரெகுலேட்டரை (மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் பாகத்தை) ஒட்டியிருந்த முனை வெதுவெதுப்பாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தன. வெவ்வேறு உலோகங்கள் சேரும் இரு இணைப்புகளுக்கிடையே வெப்பநிலை வேறுபட்டால், அதுவே பல மைக்ரோவோல்ட்டுகளை உண்டாக்கிவிடும். ரெகுலேட்டரை அதன் மின்தேக்கிகளோடு தனிப் பலகைக்கு மாற்றியதும் நகர்வு 1 கிராமுக்குள் அடங்கியது, பெரும் நிம்மதி.