கல்லூரி மாணவர்களுக்கு இணையவழி மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு நடத்துவது எப்படி?

மைண்ட்ஃபுல்னெஸ் என்பது இந்தக் கணத்தில் நடப்பதை எடைபோடாமல் கவனிக்கும் பயிற்சி. அதன் ஒலிப்பதிவுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ‘தினமும் கேளுங்கள்’ என்று விட்டுவிடும் வகுப்புகள்தான் சீக்கிரம் காலியாகின்றன. 15 பரிசோதனைகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, வழிகாட்டி ஒருவர் உடன் இருந்த இணையப் பயிற்சிகளில் மன அழுத்தம் கூடுதலாகக் குறைந்ததைக் காட்டியது. ஆகவே செயலியைத் தேடும் முன் ஆளைத் தேடுங்கள். முறையாகக் கற்று, தானும் தினமும் பயிற்சி செய்யும் ஒருவர் வேண்டும். அவரோடு, வகுப்பு நேரத்தில் இணைப்பிலேயே இருக்கும் ஒரு மனநல ஆலோசகரும் வேண்டும். இந்த இருவரும் அமையாவிட்டால் தொடங்க வேண்டாம்.

இந்தப் பயிற்சியின் முன்னோடி ஜான் கபட்-ஜின் 1979-இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய திட்டம் 8 வாரம் நீளும். வீட்டில் தினமும் 45 நிமிடம் பயிற்சி. அசைன்மென்ட், இன்டர்னல், அரியர் என்று ஓடும் மாணவர்களுக்கு அது ஒத்துவராது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்காகவே உருவான ‘கோரு’ திட்டத்தில் 75 நிமிட வகுப்புகள் நான்கு, தினம் 10 நிமிடப் பயிற்சி. அந்த அளவைப் பின்பற்றுங்கள். ஒரு குழுவில் 12 பேர் போதும். செமஸ்டர் தொடங்கிய மூன்றாவது வாரம் ஆரம்பித்தால் தேர்வு நெருக்கடிக்கு முன்பே பழக்கம் வந்துவிடும். இலவசக் கணக்கில் ஜூம் 40 நிமிடத்திலும், கூகுள் மீட் குழு அழைப்பு 60 நிமிடத்திலும் நின்றுவிடும். கல்லூரிக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.

சேர்க்கும் முன் ஒவ்வொருவரோடும் 10 நிமிடம் தனியாகப் பேசுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. மனச்சிதைவு, அண்மையில் நேர்ந்த பெரும் அதிர்ச்சி, தற்கொலை எண்ணம் ஆகியவை உள்ளவர்களுக்கு முதலில் தேவை தனிப்பட்ட சிகிச்சை. மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 படிவம் கொடுத்தால், தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு 0 தவிர எந்த விடை வந்தாலும் அன்றைக்கே ஆலோசகர் அழைத்துப் பேச வேண்டும். அன்றைக்கே படித்துப் பார்க்க ஆளில்லாத நாளில் படிவத்தை அனுப்பாதீர்கள். 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம் என்ற குறிப்போடு அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ஐ முதல் செய்தியிலேயே கொடுத்துவிடுங்கள். ராகிங், சாதிக் கொடுமை, கட்டணப் பாக்கி என்று நிஜமான காரணம் இருக்கும் மாணவரிடம் மூச்சைக் கவனிக்கச் சொல்வது அநியாயம். ராகிங் என்றால் 1800-180-5522-க்கு அழைக்க உதவுங்கள். மற்றவற்றுக்கு நிர்வாகத்திடம் அவரோடு போய் நில்லுங்கள்.

முதல் வாரம் வயிற்று மூச்சும் உடலைத் தலை முதல் கால்வரை கவனிப்பதும். இரண்டாவது வாரம் நடையில் கவனம். ஹாஸ்டல் அறையில் ஆறடி இடம் போதும். மூன்றாவது வாரம், எழும் எண்ணத்துக்கு ‘திட்டமிடல்’, ‘கவலை’ என்று பெயரிட்டுவிட்டு மூச்சுக்குத் திரும்புவது. நான்காவது வாரம் உணர்ச்சிகளுக்குப் பெயரிடுவது, ஒரு கவளத்தை நிதானமாகச் சாப்பிடுவது. ‘எனக்கு எண்ணமே நிற்கவில்லை, வரமாட்டேன்’ என்று பலர் விலகுவார்கள். அலைவதும் திரும்புவதும்தான் பயிற்சி என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லுங்கள். மந்திரம், தெய்வப் படம் வேண்டாம். எல்லா மதத்துப் பிள்ளைகளும் தயங்காமல் வரவேண்டும்.

மூச்சைக் கவனித்தால் சிலருக்குப் படபடப்பு கூடும். அவர்கள் தரையில் பதிந்த பாதத்தையோ மின்விசிறிச் சத்தத்தையோ கவனிக்கட்டும். கண்ணை மூடுவது கட்டாயமில்லை. யாராவது உறைந்துபோனாலோ பழைய நினைவில் அழுதாலோ, கண்ணைத் திறந்து எதிரே தெரியும் ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு ஆலோசகர் இணைப்பிலேயே தனி அறைக்கு (பிரேக்அவுட் ரூம்) அழைத்துக்கொள்ளட்டும். அன்று அவருக்கு வீட்டுப் பயிற்சி கிடையாது.

பயிற்சியில் நீங்கள் அடிக்கும் மணியோசையை ஜூம் இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும். அமைப்புகளில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ வசதியை இயக்குங்கள். மௌனம் 30 நொடியைத் தாண்டினால் இணைப்பு போய்விட்டதென்று நினைத்து மாணவர்கள் திரையைத் தொடுவார்கள். ‘இப்போது இரண்டு நிமிடம் பேசமாட்டேன்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்கள் இணைப்பு அறுந்தால் தொடர, பயிற்சியின்போது நீங்கள் வாசிக்கும் குறிப்பு ஆலோசகரிடமும் இருக்கட்டும். வீட்டுப் பயிற்சி ஒலிப்பதிவை மோனோவில், 64 கேபிபிஎஸ் அளவில் சேமித்தால் 10 நிமிடம் 5 எம்பிக்குள் அடங்கும். டேட்டா தீரும் கவலை இருக்காது. படுக்கையில் கேட்டால் தூங்கிவிடுவார்கள். நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள்.

கேமராவைக் கட்டாயமாக்காதீர்கள், வகுப்பைப் பதிவு செய்யாதீர்கள், வருகையை இன்டர்னல் மதிப்பெண்ணோடு சேர்க்காதீர்கள். வீட்டுப் பயிற்சி பற்றி மூன்று நாள் குறிப்பு அனுப்பாதவருக்குக் குழுவில் அல்லாமல் தனியாக எழுதுங்கள்: ‘பயிற்சி நடக்கலேன்னா பரவாயில்லைப்பா. எது தடுக்குதுன்னு மட்டும் சொல்லு.’ வகுப்பைக் காப்பாற்றுவதில் இந்த ஒரு செய்திக்கு நிகரானது வேறில்லை.

பலனைக் கடைசி வகுப்பு முடிந்த கையோடு அளந்தால் மகிழ்ச்சியான எண்களே கிடைக்கும். கேம்பிரிட்ஜில் 616 மாணவர்களோடு, நேரடி வகுப்பாக நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வு, தேர்வுக் காலத்து மனத் துயரத்தையே முக்கிய அளவாக வைத்தது. நீங்களும் மன அழுத்தத்தை அளக்கும் பிஎஸ்எஸ்-10 படிவத்தை முதல் வகுப்புக்கு முன் ஒருமுறையும், செமஸ்டர் தேர்வு வாரத்தில் ஒருமுறையும் நிரப்பச் சொல்லுங்கள். பாதியில் நின்றவர்களுக்கும் அதை அனுப்பி, ஏன் நின்றார்கள் என்று கேளுங்கள். அடுத்த குழுவின் நேரத்தையும் நீளத்தையும் அந்தப் பதில்களை வைத்து மாற்றுங்கள்.