காரா, மின்சார ரயிலா? சென்னையிலிருந்து குடும்பத்தோடு ஒரு நாள் வெளியூர் போக

ஊருக்கு வந்த ஒன்றிரண்டு நாளிலேயே வீட்டில் இந்தப் பேச்சு வந்துவிடும். "பிள்ளைங்க வந்திருக்காங்க, எங்கேயாவது ஒரு நாள் போயிட்டு வரலாம்" என்பார் சித்தி. ரயிலில் போகலாமே என்று நீங்கள் வாயைத் திறப்பதற்குள், "வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்களை எலெக்ட்ரிக் ட்ரெயின்ல ஏத்தினா நல்லாவா இருக்கும்? இன்னோவா ஒண்ணு சொல்லிடறேன்" என்று சித்தப்பா போனை எடுத்துவிடுவார். அன்பில் சொல்வதுதான். ஆனால் கார் சொன்ன அதே அன்பால் ஞாயிறு இரவு பெருங்களத்தூரில் நகராத வண்டிக்குள், தூங்கிப்போன குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் நேரலாம்.

போகும் நேரத்தை வைத்துத்தான் எல்லோரும் திட்டம் போடுகிறார்கள். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் எந்தச் சாலையும் காலியாகத்தான் இருக்கும், எந்த ரயிலிலும் இடம் இருக்கும். காரா ரயிலா என்பதைத் திரும்பி வரும் நேரம் முடிவு செய்யட்டும். மாலை ஆறு மணிக்கு எங்கே இருப்பீர்கள், அந்தக் கிழமையில் அந்த வழி எப்படி இருக்கும் என்று முதலில் கேளுங்கள். பாதி குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

மின்சார ரயிலில் நமக்குச் சாதகமான ஒன்று உண்டு. பலர் அதை யோசிப்பதே இல்லை. வேலை நாட்களில் கூட்டம் காலையில் நகரத்துக்குள் வரும், மாலையில் வெளியே போகும். நகரத்துக்குள் தங்கியிருப்பவர் ஒரு நாள் பயணம் போனால் காலையில் வெளியே போகிறார், மாலையில் உள்ளே வருகிறார். இரண்டு முறையும் கூட்டத்துக்கு எதிர்த்திசை. செங்கல்பட்டிலிருந்து மாலையில் சென்னை பீச் ஸ்டேஷன் நோக்கி வரும் வண்டியில் ஜன்னலோரம் கிடைக்கும். பக்கத்துத் தண்டவாளத்தில் எதிரே போகும் வண்டியின் வாசலில் ஆட்கள் தொங்கிக்கொண்டு போவார்கள். தாம்பரத்திலோ கூடுவாஞ்சேரியிலோ உறவினர் வீட்டில் தங்கி, மயிலாப்பூரையும் மெரினாவையும் பார்க்க நகரத்துக்குள் வருபவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். அவர்கள் காலை பத்து மணிக்குப் பிறகு ஏறி, மாலை நான்கரைக்குள் திரும்புவது நல்லது. இல்லையென்றால் இரவு எட்டரைக்கு மேல்.

ஞாயிற்றுக்கிழமை கதை வேறு. அன்று ரயில்கள் குறைவு. பராமரிப்புக்காகச் சில நேரம் ஒரு பகுதியையே நிறுத்திவிடுவார்கள். முதல் நாள் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சாலையும் அன்று சரியில்லை. வார இறுதிக்கு ஊருக்குப் போன சென்னை முழுவதும் ஞாயிறு மாலைதான் ஜிஎஸ்டி சாலை (செங்கல்பட்டு, தாம்பரம் வழியாக வரும் தெற்கு நெடுஞ்சாலை) வழியாகத் திரும்புகிறது. பரனூர் டோலில் தொடங்கும் நெரிசல் தாம்பரம் வரை நீளும். முடிந்தால் செவ்வாயையும் ஞாயிறையும் விட்டு வேறு நாள் பாருங்கள். செவ்வாய் ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது ஒவ்வொரு இடமாக. மாமல்லபுரத்துக்கு ரயிலே கிடையாது. பக்கத்து ஸ்டேஷன் செங்கல்பட்டு, அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். குடும்பத்தோடு என்றால் யோசிக்க வேண்டாம், ஈசிஆர் என்னும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கார்தான். வழியில் முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ரா இருக்கிறது. தென்னிந்திய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கடற்கரைக் கோயிலைவிட அந்தத் திண்ணைகள்தான் மனதில் நிற்கும் என்பது என் அபிப்பிராயம். தக்ஷிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை, வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் செவ்வாய் விடுமுறை. மாமல்லபுரத்தில் இன்னொரு விஷயம்: தொல்லியல் துறை நுழைவுக் கட்டணம் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) வைத்திருப்பவர்களுக்கு இந்தியருக்கான கட்டணம்தான். ஆனால் அட்டையைக் காட்ட வேண்டும், வீட்டுப் பீரோவில் வைத்துவிட்டு வந்து கவுண்டரில் வாதாடிப் பயனில்லை. 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை.

வண்டலூர் இதற்கு நேர் எதிர். பூங்காவுக்கு நடக்கும் தூரத்திலேயே ஸ்டேஷன். சாலையோ, கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்த பிறகு எந்த நேரத்திலும் நிரம்பி வழிகிறது. எழும்பூரிலோ மாம்பலத்திலோ ஏறினால் நேராகப் போய் இறங்கலாம். உள்ளே நாள் முழுக்க நடக்க வேண்டிய இடம் என்பதால் காரை வெளியே காக்கவைத்து வெயிட்டிங் கட்டுவது வீண்.

திருத்தணிக்கு நான் ரயிலைத்தான் சொல்வேன். சென்ட்ரலை ஒட்டிய மூர்மார்க்கெட் வளாகத்திலிருந்து நேரடி லோக்கல் இருக்கிறது. அங்கேயே வண்டி புறப்படுவதால் உட்கார இடம் உறுதி. சாதாரண டிக்கெட் ஆளுக்கு முப்பது ரூபாய்கூட ஆகாது. இறங்கியதும் ஆட்டோ பிடித்தால் மலைமேலேயே விட்டுவிடுவார்கள். படியேற ஆசைப்படுபவர்களுக்கு 365 படி. திரும்பும்போதும் திருத்தணியிலிருந்தே கிளம்பும் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள், நின்றுகொண்டு வர வேண்டியிருக்காது. ஆடிக் கிருத்திகையன்று மட்டும் காரிலும் வேண்டாம், ரயிலிலும் வேண்டாம். பக்தி மிகுந்து போயே தீருவேன் என்பவர்களிடம் நான் எதுவும் சொல்ல முடியாது.

காஞ்சிபுரத்தில்தான் குழப்பம். பீச்சிலிருந்து செங்கல்பட்டு வழியாக நேரடி வண்டிகள் உண்டு, ஆனால் குறைவு. அதைவிட முக்கியம், பெரிய கோயில்கள் மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும். ரயிலில் பத்து மணிக்குப் போய் இறங்கினால் காமாட்சியம்மனும் ஏகாம்பரநாதரும் பார்ப்பதற்குள் நடை சாத்திவிடுவார்கள். வரதராஜப் பெருமாள் கோயில் சின்னக் காஞ்சிபுரத்தில், ஊரின் மறுகோடியில். காலை ஆறு மணிக்குக் காரில் கிளம்பினால் மூன்று கோயில் முடித்து, மதியச் சாப்பாட்டையும் பட்டுக்கடையையும் பார்த்துவிட்டு, மாலை நெரிசலுக்கு முன்பே வீடு வந்துவிடலாம். டிரைவர் "நமக்குத் தெரிஞ்ச கடை" என்று கூட்டிப்போகும் இடத்தில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. கோபப்பட ஒன்றுமில்லை. புடவை எடுப்பதாக இருந்தால் கடையை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள்.

திருப்பதியை இதில் சேர்க்கவில்லை. அது லோக்கல் ரயிலில் போய்வரும் தூரமல்ல. தரிசன டிக்கெட் கையில் இல்லாமல் ஒரே நாளில் திரும்பும் திட்டமும் வேண்டாம். காரில் போவதாக இருந்தால், ஆந்திராவுக்குள் நுழைய பெர்மிட் வாடகையில் சேர்த்தியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கார் என்று முடிவானால், டிராவல்ஸில் என்ன பேச வேண்டும்? உள்ளூர் என்றால் "8 மணி நேரம், 80 கிலோமீட்டர்" என்பது போலப் பேக்கேஜ் சொல்வார்கள். வெளியூர் என்றால் கிலோமீட்டர் கணக்கு, அதற்கு ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் என்று ஒன்று இருக்கும், பெரும்பாலும் 250. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் ஏமாந்துவிட்டதாக நினைப்பது இந்த இடத்தில்தான். காஞ்சிபுரம் போய்வர 150 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்று பேசியிருந்தால் 2,100 என்று நீங்கள் மனக்கணக்குப் போடுவீர்கள். பில்லில் 250 கிலோமீட்டருக்கு 3,500 இருக்கும். அதோடு டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங். யாரும் ஏமாற்றவில்லை, வழக்கமே அதுதான். "10 மணி 100 கிலோமீட்டர் பேக்கேஜ் போட்டு, மிச்சத்துக்கு எக்ஸ்ட்ரா கிலோமீட்டர் கொடுத்தா எவ்வளவு வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் அது குறைவாக இருக்கும். கிலோமீட்டர் உங்கள் வீட்டு வாசலிலிருந்து தொடங்குகிறதா, ஷெட்டிலிருந்தா என்பதையும் கேளுங்கள். ஷெட்டிலிருந்து ஷெட் வரை என்றால், அம்பத்தூரில் நிற்கும் வண்டி உங்கள் அடையாறு வீட்டுக்கு வந்து போவதும் உங்கள் கணக்கில்தான்.

ஓலா, ஊபர் போன்ற செயலி வண்டிகள் நகரத்துக்குள் சௌகரியம். வெளியூருக்கு ஒருவழி மட்டும் போட்டுக்கொண்டு, திரும்பும்போது அங்கே பிடித்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மாலையில் மாமல்லபுரத்தில் நின்றுகொண்டு செயலியில் வண்டி தேடுவது பொறுமைக்கு வைக்கும் சோதனை. அப்புறம், ஐந்து பேர் என்றால் சின்ன வண்டி இரண்டு போடுவதைவிட எர்டிகாவோ இன்னோவாவோ ஒன்று எடுப்பதுதான் நிம்மதி.

வண்டி வந்து நின்றதும் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். மஞ்சளில் கறுப்பு எழுத்து இருந்தால் அது வாடகை வண்டி. வெள்ளை பிளேட் போட்ட சொந்த வண்டியை "நம்ம பையன்தான், கம்மியா வருவான்" என்று யாராவது அனுப்பிவைத்தால், விபத்து என்று வரும்போது இன்ஷூரன்ஸ் கைவிரிக்கலாம். பின் சீட்டில் பெல்ட் இருக்கும், ஆனால் அதன் பூட்டு சீட் கவருக்கு அடியில் புதைந்திருக்கும். கிளம்புமுன் கையை விட்டு வெளியே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். முகம் சுளிக்க மாட்டார், "யாரும் போடுறதில்ல சார்" என்று சிரித்துக்கொண்டே எடுத்துத் தருவார். குழந்தை சீட் வாடகை வண்டியில் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கைக்குழந்தை இருந்தால், சொந்தமாகக் கொண்டுவந்ததை முதல் நாளே பொருத்திப் பாருங்கள். இன்னொன்று, ராத்திரி வண்டி ஓட்டினாரா என்று டிரைவரிடம் நேராகக் கேளுங்கள். விடியற்காலை விமான நிலையத்தில் ஆளை இறக்கிவிட்டு, தூங்காமல் அப்படியே உங்கள் வாசலுக்கு வருபவர்கள் உண்டு. "அண்ணே, தூங்கினீங்களா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

ரயில் என்று முடிவானால், முதலில் ஒரு விஷயம்: சாதாரண மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. சர்க்கரை உள்ள அப்பாவோ, டயப்பர் விட்டுப் பழகும் குழந்தையோ கூட வந்தால், இரண்டு மணி நேரப் பயணத்துக்கு இது ஒன்றே போதும், காரை எடுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கும் நடைமேம்பாலம் பெரும்பாடு. நகரும் படி, லிஃப்ட் உள்ள ஸ்டேஷன்கள் இருக்கின்றன, ஆனால் அன்றைக்கு அவை ஓட வேண்டுமே.

டிக்கெட்டைக் கவுண்டரில் வாங்கிவிடுங்கள், சில்லறையோடு போனால் ஐந்து நிமிட வேலை. செயலியில் உறவினர் எடுத்த காகிதமில்லா டிக்கெட் அவர் போனில்தான் செல்லும், உங்களுக்கு அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் செல்லாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். சாதாரண டிக்கெட்டை வைத்துக்கொண்டு காலியாக இருக்கிறதே என்று முதல் வகுப்புப் பெட்டியில் ஏறிவிடாதீர்கள். உள்ளே பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது, பரிசோதகர் வந்தால்தான் தெரியும். குறைந்தது 250 ரூபாய் அபராதம், அதோடு கட்டணம். பெண்கள் பெட்டியும் அப்படித்தான், குடும்பத்தோடு வந்தோம் என்ற சமாதானம் எடுபடாது.

2025 ஏப்ரலிலிருந்து பீச்–செங்கல்பட்டு வழியில் ஏசி மின்சார ரயிலும் ஓடுகிறது. தொடங்கியபோது கட்டணம் 35 முதல் 105 ரூபாய் வரை. கதவு தானாக மூடிக்கொள்வதால் துறுதுறுவென்ற பிள்ளைகள் உள்ளவர்களுக்கு அந்தக் காசு தகும். ஆனால் ஒரு நாளைக்குச் சில நடைதான், நேரம் பார்த்துவிட்டுப் போக வேண்டும். சாதாரண டிக்கெட் அதில் செல்லாது.

சாதாரண வண்டியில் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். ஒரு ஸ்டேஷனில் அரை நிமிடம் நின்றால் பெரிய விஷயம். ஸ்ட்ரோலரை மடித்து, பைகளைத் தோளில் மாட்டி, வரிசை பேசிவைத்துக்கொண்டு நில்லுங்கள்: ஒரு பெரியவர் முதலில் ஏறட்டும், பிள்ளைகள் நடுவில், இன்னொரு பெரியவர் கடைசியாக. நடைமேடைக்கும் படிக்கும் நடுவில் ஒரு குழந்தையின் கால் நுழையும் அளவு இடைவெளி இருக்கும் இடங்கள் உண்டு, அங்கே கையைப் பிடித்துத் தூக்கி ஏற்றுங்கள். யாராவது தவறி நடைமேடையிலேயே நின்றுவிட்டால், வண்டியில் இருப்பவர்கள் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே காத்திருக்க வேண்டும், நின்றவர் அடுத்த வண்டியில் வந்து சேர வேண்டும். ஓடுகிற வண்டியில் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. இதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்.

உட்கார்ந்துவிட்டால் பிள்ளைகளுக்கு இதைப்போல வேடிக்கை கிடையாது. சமோசா வரும், மிளகாய்ப்பொடி தூவிய கொய்யா வரும், ஹேர்கிளிப்பும் ஊக்கும் கோத்த அட்டை வரும். புதிதாக ஊருக்கு வந்த வயிற்றுக்கு வெட்டிவைத்த பழம் ஒத்துக்கொள்ளாது, முழுப்பழமாக வாங்கி வீட்டில் நறுக்கிக் கொடுங்கள்.

காரையும் ரயிலையும் சேர்த்துப் பயன்படுத்துவதை யாரும் யோசிப்பதில்லை. செங்கல்பட்டு வரை ரயில், அங்கே ஸ்டேஷன் வாசலில் முன்கூட்டியே சொல்லிவைத்த உள்ளூர் வண்டி என்றால், செங்கல்பட்டு வரையிலான ஜிஎஸ்டி சாலை நெரிசலைத் தவிர்க்கலாம். வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். உள்ளூர் வண்டியை எடுக்கும்போதே திரும்பும் ரயிலின் நேரத்தை டிரைவரிடம் சொல்லிவிடுங்கள், மாலையில் அவரே உங்களை விரட்டிக் கிளப்பிவிடுவார்.

தை மாதத்தில் வருபவர்களுக்கு ஒன்று. காணும் பொங்கலன்று மெரினா, மாமல்லபுரம், வண்டலூர் மூன்றிலும் கால் வைக்க இடமிருக்காது. எதில் போனாலும் அன்று ஒரே கதிதான். அன்றைக்கு உறவுக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டு, பூங்காவை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள்.