புது அறைக்குள் கட்டிலைத் தூக்கும் முன்: ஈரச் சுவரோடு நான் பட்ட பாடு

ஹட்டனில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை சேர்த்துக் கட்டினோம். ஆவணியில் பால் காய்ச்ச அம்மா நாள் குறித்துவிட்டார். நாளும் வந்தது, பாலும் பொங்கியது. அடுத்த மாதமே கட்டில் தலைமாட்டில் பெயின்ட் அப்பளம் போல உப்பி நின்றது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து இரண்டாம் முறை செய்த விதம் இது. சுவர் கட்டுவதும் கூரை போடுவதும் மேசன் பாஸின் பாடு, அதற்குள் நான் போகவில்லை.

1. வரிசை

கூரை ஒழுக்கு, வயரிங், தண்ணீர்க் குழாய், சீமெந்துப் பூச்சு, காயவிடுதல், சீலிங், ஃபில்லர் (சுவரைச் சமப்படுத்தும் பசை), பிரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிக்கோட்), முதல் கோட், தரை டைல், கதவு, கடைசிக் கோட். டைல் வைப்பவர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும் சுவரின் அடியில் சாந்து அப்பாமல் போகமாட்டார். அதனால்தான் கடைசிக் கோட் கடைசியில்.

பூசுவதற்கு முன்னமே கட்டில், அலுமாரி வரும் இடங்களைத் தரையில் கரியால் கீறிப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு ப்ளக் இன்றைக்கும் அலுமாரிக்குப் பின்னால்தான் இருக்கிறது.

2. காயவிடுதல்

நான் சறுக்கியது இங்கேதான்.

"28 நாள் ஆச்சு தம்பி, இனி அடிக்கலாம்" என்றார் பாஸ். 28 நாள் என்பது சீமெந்து பலம் பிடிக்கும் கணக்கு, சுவர் காயும் கணக்கு அல்ல. முதல் ஏழு நாள் நாமே தண்ணீர் தெளித்து நனைக்கிறோம். அதன்பின் அந்த ஈரம் வெளியேற வேண்டும். தென்மேற்கு மழைக்காலத்தில் உடுப்பே மூன்று நாளாகக் காயாத ஊரில் சுவர் எப்படிக் காயும்? ஹட்டன், மஸ்கெலியா பக்கம் பூச்சை தை, மாசியில் வையுங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆண்டுக் கடைசி மழையைத் தவிர்த்தால் போதும்.

அவசரத்தில் நான் காஸ் அடுப்பை அறைக்குள் கொண்டுபோய் ஜன்னலைச் சாத்தி எரியவிட்டேன். மகா முட்டாள்தனம். ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். சுவரைக் காயவைக்கப் போய் அறைக்கே ஆவி பிடித்திருக்கிறேன். கரிச்சட்டி அதைவிட மோசம், மூடிய அறையில் அதன் புகை ஆளையே கொல்லும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து ஒரு மின்விசிறியைச் சுழலவிடுங்கள். மூடுபனி இறங்கும் நேரத்தில் மட்டும் சாத்துங்கள்.

காய்ந்ததா என்று பார்க்க இரண்டடிச் சதுரப் பொலித்தீன் ஒன்றைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்து உரியுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தாலோ சுவர் கறுத்திருந்தாலோ இன்னும் ஈரம் இருக்கிறது. தரையிலிருந்து ஒரு அடி உயரத்திலும் ஒன்று ஒட்டுங்கள், எனக்கு அங்கேதான் பிடிபட்டது.

3. மேட்டுப் பக்கச் சுவர்

மண்மேட்டை ஒட்டிய சுவர் எத்தனை மாதம் விட்டாலும் காயாது, ஈரம் பின்னாலிருந்து வந்துகொண்டே இருக்கும். சுவருக்கும் மேட்டுக்கும் நடுவில் கான் (வடிகால்) வெட்டி, உள்தரையைவிடத் தாழ்வாகத் தண்ணீர் ஓடவிடுங்கள். கூரைத் தண்ணீரும் அதற்குள் விழட்டும். மேட்டையே வெட்டுவதென்றால் முதலில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேளுங்கள், மண்சரிவு விளையாட்டல்ல.

சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்தால் கழுவாதீர்கள். கரைந்து திரும்பவும் உள்ளே போகும். காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள்.

4. ஃபில்லர், பெயின்ட்

ஃபில்லரை மெல்லிசாக இரண்டு தடவை இழுங்கள். காய்ந்தபின் தேய்க்க 180 ஆம் இலக்க உப்புத்தாள் போதும், முகத்துக்கு மாஸ்க் கட்டாயம். பிரைமர் சீமெந்துச் சுவருக்கானதா என்று வாளியில் வாசியுங்கள். ரோலர் 9 அங்குலம். மலிவு ரோலர் மயிர் உதிர்க்கும், அதைச் சுவரிலிருந்து பொறுக்கிய ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்கவில்லை. "கழுவலாம்" என்று கடையில் ஒயில் பெயின்டைத் தள்ளப் பார்ப்பார்கள், சுவருக்கு வேண்டாம். ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். தண்ணீரில் கரைக்கும் எமல்ஷனே போதும்.

5. சாமான் ஏற்றுதல்

மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் ட்ரிப் சுவிட்ச்சின் சோதனைப் பட்டனை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் குடிபோக வேண்டாம். அலுமாரியை வெளிச்சுவரிலிருந்து மூன்று விரற்கடை தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் பின்பலகை பூஞ்சணம் பிடிக்கும்.

பின்சேர்க்கை: பொலித்தீனின் வெளிப்பக்கம் நனைந்திருந்ததாக நுவரெலியாவிலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தார். அக்கா, அது சுவர் ஈரமல்ல. அறைக் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிவது. உள்பக்கம் உலர்ந்திருந்தால் பெயின்ட் அடிக்கலாம், ஆனால் வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்கு மேல் தொடங்கி மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள்.