ஈறைக் கவனித்தேன், சர்க்கரை இறங்கியது

மாத்திரை தவறவில்லை, இரவு இட்லியைக்கூட இரண்டோடு நிறுத்தியிருந்தேன். ஆனாலும் ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 8.4 சதவீதத்தை விட்டு அசையவில்லை. பல் துலக்கும்போது ரத்தம் வருவதைப் பேச்சுவாக்கில் சொன்னதும், "முதலில் பல் மருத்துவரைப் பாருங்கள் சார்" என்றார் நீரிழிவு மருத்துவர்.

ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான பள்ளம் 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எனக்குக் கடைவாயில் 6. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரில் படிந்திருந்த பற்காரையைச் சுரண்டி எடுத்தார்கள். (சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று பயமுறுத்துகிறவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. காரை அடைத்திருந்த இடைவெளி வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.) ஈறு அழற்சியில் உருவாகும் வேதிப்பொருள்கள் ரத்தத்தில் கலந்து இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன, சர்க்கரை ஏறினால் ஈறு இன்னும் கெடுகிறது.

எச்பிஏ1சி சுமார் 3 மாத நிலையைக் காட்டும் என்பதால் அதுவரை பொறுத்திருந்து மறுபடி பரிசோதித்தேன்: 7.9. ஆய்வுகள் சொல்வதும் சராசரியாக 0.4 அளவிலான குறைவைத்தான். மாத்திரையை நிறுத்த அது போதாது. இப்போது இரவுதோறும் பல்லிடுக்குத் தூரிகை, சில மாதங்களுக்கு ஒருமுறை ஈறு பரிசோதனை. கட்டணம்தான் சற்றுக் கடிக்கிறது.