கினிப்பன்றியின் மூச்சில் சத்தம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கினிப்பன்றியின் மூச்சில் புதிதாக ஒரு சத்தம் கேட்டவுடன், ‘சளி பிடித்திருக்கிறது, இரண்டு நாளில் சரியாகிவிடும்’ என்று முடிவுகட்டிவிடுவதுதான் வளர்ப்பவர்கள் செய்யும் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன. நமக்கு வந்துபோகும் சாதாரணச் சளியைப் போல இந்தச் சிறு பிராணியின் நோயும் தானாக வந்து தானாகப் போய்விடும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது. மூக்கில் தொடங்கும் பாக்டீரியாத் தொற்று ஓரிரு நாளிலேயே நுரையீரலுக்கு இறங்கி நிமோனியாவாக மாறக்கூடும். அதே சத்தம் இதய நோயாலும், கடைவாய்ப் பல்லின் வேரில் கட்டும் சீழாலும், நாசித்துளையில் சிக்கிக்கொண்ட புல் துணுக்காலும், வெயில் தாக்கத்தாலும், வயிறு உப்பி நெஞ்சை அழுத்துவதாலும் எழலாம். ஆகவே சத்தத்தை மட்டும் கேட்டு நோயின் பெயரைச் சொல்ல முடியாது. சத்தம் அடங்கிவிட்டது என்பதற்காக நோய் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. காதைவிடக் கண்ணும் எடைத் தராசுமே இங்கே நம்பத்தக்கவை.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. கினிப்பன்றி இயல்பிலேயே வாயாடிப் பிராணி. குளிர்சாதனப் பெட்டியின் கதவு திறக்கும் ஓசை கேட்டால் ‘வீக் வீக்’ என்று கத்தும். ஆண் பிராணி இடுப்பை ஆட்டியபடி ‘குர்ர்ர்’ என்று உறுமும். கோபம் வந்தால் பல்லை நறநறக்கும். கூண்டுக்குள் உலவும்போது தனக்குத்தானே முணுமுணுத்துக்கொள்ளும். புதிதாக வளர்ப்பவர்கள் இவற்றைக் கேட்டு மூச்சுத்திணறல் என்று பதறுவதுண்டு. பிரித்தறியும் வழி எளிது. இவை மனநிலையோடு வந்து மனநிலையோடு போகும். நோயின் சத்தமோ விலா எழுந்து தாழ்வதோடு ஒத்து, மூச்சுக்கு மூச்சு வரும். காய்ந்த புல்லின் தூசியால் நாளுக்கு ஓரிரு தும்மல் வருவதும், முகம் கழுவிக்கொள்ளும்போது கண்ணில் பால் போன்ற வெள்ளைத் திரவம் சுரப்பதும் இயல்பே. கண்ணிலோ மூக்கிலோ பொருக்கு ஒட்டியிருப்பது இயல்பன்று. சந்தேகத்துக்கிடமான சத்தத்தைக் கைப்பேசியில் ஒலியோடு படம்பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. மருத்துவர் முன் பயந்து உறைந்துபோகும் பிராணி, வீட்டில் எழுப்பிய சத்தத்தை அங்கே எழுப்பாமலே போகலாம்.

மூச்சைக் கவனிப்பதிலும் முறை இருக்கிறது. கையில் தூக்கியவுடன் எண்ணுவது பயனற்றது, ஏனெனில் பயத்திலேயே மூச்சு விரைந்துவிடும். அது கூண்டில் படுத்து ஓய்ந்திருக்கையில், தொடாமல் சற்றுத் தள்ளி அமர்ந்து, 15 வினாடிகளுக்கு விலா எத்தனை முறை எழுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். ஓய்விலிருக்கும் கினிப்பன்றி நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 முதல் 100 முறை மூச்சுவிடும். எண்ணிக்கையைவிட முக்கியமானது, மூச்சுக்காக அது எவ்வளவு பாடுபடுகிறது என்பது. நலமுள்ள பிராணியின் மூச்சு கண்ணுக்கு அதிகம் தெரியாது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவின் பின்பகுதி உள்வாங்குவது, உடல் முழுவதும் முன்னும் பின்னும் அசைவது, நாசித்துளைகள் விரிவது, மோவாயைத் தூக்கிக் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஆகியவை திணறலின் அடையாளங்கள். பிறகு முன்னங்கால்களின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். கினிப்பன்றி மூக்கை முன்னங்கால்களால்தான் துடைத்துக்கொள்ளும். மூக்கு சுத்தமாகத் தெரிந்தாலும் அந்த முடி மஞ்சள் படிந்து விறைத்து ஒட்டியிருந்தால் மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். முதுகில் காதை வைத்துக் கேட்கும்போது, ஈரமான செல்லோஃபேன் தாளை நசுக்குவதைப் போன்ற கரகரப்பு கேட்டால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வாயைத் திறந்து மூச்சுவிடுவதை ‘இளைக்கிறது’ என்று எடுத்துக்கொள்வது உயிரைப் பறிக்கும் தவறு. நாய் நாக்கை நீட்டி இளைப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பெரிதாகத் தோன்றாது. ஆனால் கினிப்பன்றி மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் அமைப்புடையது. அது வாயைத் திறக்கிறது என்றால் மூக்கு வழி போதவில்லை, அல்லது நுரையீரல் ஈடுகொடுக்கவில்லை. ஈறு நீலம் பாய்ந்திருந்தாலும் இதே நிலைதான். அப்போது வாயைத் திறந்து பார்ப்பது, மல்லாக்கப் போடுவது, நெஞ்சை அழுத்துவது எதையும் செய்யாமல், காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து உடனே கொண்டுசெல்ல வேண்டும். கொஞ்சிக்கொண்டே மடியில் வைத்துப் போவதைக்கூட நான் பரிந்துரைக்கமாட்டேன். கைபடாத அமைதியே அதற்கு அந்நேரத்தில் உதவி.

எங்கே கொண்டுசெல்வது என்பதை நோய் வந்த இரவில் தேடுவதும் தவறுதான். நம் ஊர்த் தனியார் மருத்துவமனைகளில் பல நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே பழகியவை. சென்னையில் இருப்பவர்களுக்கு 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில், முயல், கினிப்பன்றி போன்ற சிறு பிராணிகளைப் பார்க்கும் மருத்துவர் யார் என்று நலமாக இருக்கும்போதே தொலைபேசியில் விசாரித்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

காட்டில் மற்ற விலங்குகளுக்கு இரையாகும் இனம் என்பதால் கினிப்பன்றி நோயை மறைத்துக்கொள்ளும். ‘நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது’ என்று வளர்ப்பவர் சொல்வதற்குக் காரணம் இதுவே. மறைக்க முடியாதது எடை. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வருபவருக்கு, சத்தம் கேட்பதற்கு முன்பே ஏதோ சரியில்லை என்பது தெரிந்துவிடும். ஒரு கிலோ எடையுள்ள பிராணி சில நாட்களில் 50 கிராம் குறைந்தால் கவனிக்க வேண்டும். 100 கிராம் குறைந்தால் தாமதிக்கவே கூடாது. நோயுற்ற காலத்தில் எடை பார்ப்பதை நாள்தோறும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும்.

இனி, எல்லாவற்றிலும் கொடிய தவறு: வீட்டு மருந்துப் பெட்டியில் மீந்திருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுப்பது. குழந்தைக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப் பாதி புட்டி இருக்கும். ‘குழந்தைக்கே கொடுக்கிறோம், இதற்கு இரண்டு சொட்டு கொடுத்தால் என்ன’ என்று தோன்றும். கினிப்பன்றியின் குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களில் பெரும்பகுதி இந்த மருந்துக்கு அழிந்துவிடும் வகையைச் சேர்ந்தவை. அவை அழிந்ததும் குளோஸ்ட்ரிடியம் என்னும் நச்சுக் கிருமி பெருகி, கழிச்சல் கண்டு, சில நாட்களில் பிராணி இறந்துவிடும். வளர்ப்பவரோ சளி முற்றி இறந்தது என்று நினைத்துக்கொள்வார். வாய்வழியாகக் கொடுக்கப்படும் பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், செஃபலெக்சின் போன்ற செஃபலோஸ்போரின்கள், கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் ஆகிய அனைத்தும் இந்த ஆபத்துக் கொண்டவை. இது புதிய செய்தியன்று. பெனிசிலின் கினிப்பன்றிகளைக் கொல்கிறது என்பது 1943-லேயே பதிவாகிவிட்டது. 1940-ல் ஆக்ஸ்ஃபோர்டில், பெனிசிலினை மருந்தாக வளர்த்தெடுத்த விஞ்ஞானி ஃப்ளோரியின் குழு அதைச் சுண்டெலிகளில் சோதித்துப் பார்த்தது. அவர்கள் கினிப்பன்றியைத் தேர்ந்தெடுத்திருந்தால் அந்த மருந்து ஆய்வுக்கூடத்தைத் தாண்டியிருக்குமா என்பதே ஐயம்.

நாய்களுக்கே அதிகம் மருத்துவம் பார்ப்பவர் பழக்கத்தில் இவற்றுள் ஒன்றை எழுதிவிடலாம் என்பதால், மருந்துச் சீட்டைக் கையில் வாங்கியவுடன் ‘இது கினிப்பன்றிக்கு வாய்வழியாகக் கொடுக்கத்தக்கதுதானா, டாக்டர்?’ என்று பணிவாகக் கேட்பதில் தவறொன்றுமில்லை. பொதுவாக மூச்சுத் தொற்றுக்கு என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோப்ரிம் கலந்த சல்ஃபா மருந்துகள், சில நேரங்களில் டாக்சிசைக்ளின் பயன்படுகின்றன. அளவு எடையைப் பொறுத்தது. இளங்குட்டிக்கும் கருவுற்றதற்கும் தேர்வு மாறும். எனவே பெயரைத் தெரிந்துகொண்டு மருந்துக்கடையில் நேரே வாங்கிக் கொடுப்பதும் அதே தவற்றின் இன்னொரு வடிவமே. பத்து நாள் அல்லது இரண்டு வாரம் என்று சொன்ன மருந்தை நான்காம் நாள் சத்தம் நின்றதும் நிறுத்திவிட்டால், அடங்கிய தொற்று மீண்டும் கிளம்பும். அப்போது அதே மருந்து கேட்காமலும் போகலாம்.

கைவைத்தியத்தில் நம் வீடுகளுக்கென்றே உரிய தவறுகள் சில உண்டு. தைலம் தடவுவது, யூகலிப்டஸ் எண்ணெய் போட்ட வெந்நீர் ஆவியில் கூண்டை வைப்பது, கற்பூரத்தைத் துணியில் முடிந்து தொங்கவிடுவது, சாம்பிராணி காட்டுவது ஆகிய எல்லாமே ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூச்சுப்பாதையை மேலும் எரிச்சலூட்டும். கொசுவர்த்திச் சுருளும் ஊதுபத்தியும் நோயில்லாத நாளிலும் கூண்டு இருக்கும் அறையில் எரியக் கூடாது. மனிதருக்கான இருமல் மருந்தும் மூக்கடைப்பு மாத்திரையும் அறவே ஆகா. மூச்சிரைப்பு என்றதும் ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்லிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். தொற்று இருக்கையில் அது எதிர்ப்பு சக்தியைக் குறைத்து நிலைமையை மோசமாக்கும். ஆவி வேண்டுமென்றால் மருத்துவர் சொன்னபடி நெபுலைசரில் 0.9 சதவீத உப்புக் கரைசலை வைத்து, பிராணியைச் சிறு பெட்டியில் விட்டு, 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். அது குளிர்ந்த மூடுபனியாக வருவதால் சுடும் ஆபத்தும் இல்லை.

மருந்தைக் கவனிப்பவர்கள் தீனியை மறந்துவிடுகிறார்கள். மூக்கடைத்த கினிப்பன்றிக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் தின்னாது. அரை நாளுக்கு மேல் எதுவும் தின்னாவிட்டால் குடல் அசைவு நிற்கத் தொடங்கும், அதன்பின் மூச்சுநோயைவிடக் குடலே முந்திக்கொள்ளும். ஆகவே வழக்கமாகக் கொடுக்கும் பெல்லட் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து, கூழாக அரைத்து, ஆறியபின் ஊசி நீக்கிய சிரிஞ்சால் ஊட்ட வேண்டும். இங்கே அவசரம் ஆகாது. பிராணி நான்கு காலில் இயல்பாக நிற்க, சிரிஞ்சை முன்பற்களுக்குப் பின்னால் வாயின் ஓரமாக நுழைத்து, அரை மில்லி அளவு கொடுத்து, அது மென்று விழுங்கியதைப் பார்த்தபிறகே அடுத்ததைக் கொடுக்க வேண்டும். நேராக முன்னாலிருந்து தொண்டைக்குள் பீய்ச்சினால் கூழ் நுரையீரலுக்குள் போய், புதிதாக ஒரு நிமோனியாவை நாமே உண்டாக்கியதாகும். கடுமையாகத் திணறிக்கொண்டிருக்கும்போது ஊட்டவே கூடாது. முதலில் ஆக்சிஜன், பிறகுதான் உணவு.

மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடலும் வைட்டமின் சியைத் தானே உருவாக்கிக்கொள்ளாது. அது குறைந்தால் தொற்றை எதிர்க்கும் வலு குறையும். நலமுள்ள பிராணிக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை தேவை. நோயில் மருத்துவர் இதைக் கூட்டுவார். குடிநீரில் கரைத்து வைப்பது பலரும் செய்யும் வீண் வேலை, ஏனெனில் வெளிச்சத்திலும் காற்றிலும் அது சில மணி நேரத்திலேயே சிதையத் தொடங்கும். நீரின் சுவை மாறினால் பிராணி குடிப்பதையும் குறைத்துக்கொள்ளும். குடைமிளகாய்த் துண்டும், கொத்தமல்லித் தழையும், சிறு கொய்யாத் துண்டும் அதைவிட மேல். பல வைட்டமின்கள் கலந்த சொட்டு மருந்தைத் தவிர்க்க வேண்டும். அதிலுள்ள ஏ, டி வைட்டமின்கள் மிகுந்தால் கேடு.

நோய் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் பிராணியை விட்டுவிட்டுக் கூண்டைப் பார்க்க வேண்டும். நின்றபடி பார்க்கும்போது நாற்றம் தெரியாது. தரையில் உட்கார்ந்து, பிராணியின் மூக்கு இருக்கும் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோனால் சிறுநீரின் அமோனியா நெடி கண்ணைக் கரிக்கும். நாள் முழுதும் அதைத்தான் அது சுவாசிக்கிறது. மரத்தூளும், பைன், தேவதாரு மரச் சீவல்களும் படுக்கைக்கு ஏற்றவையல்ல. மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்த புல்லைக் காயவைத்துக் கொடுப்பதும் கூடாது. அதை எறிந்துவிட வேண்டும். கோடையில் அறை வெப்பம் 30 டிகிரியை நெருங்கினாலே கினிப்பன்றி தவிக்கத் தொடங்கும், சென்னையின் மே மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் மூச்சு வாங்கிக்கொண்டு துவண்டு கிடப்பதைச் சளி என்று எண்ணிப் போர்த்திவிடுபவர்களும் இருக்கிறார்கள். செய்ய வேண்டியது, காதையும் பாதத்தையும் சாதாரணக் குழாய்த் தண்ணீரால் நனைத்து, நிழலில் வைத்து, மருத்துவரிடம் விரைவது. பனிக்கட்டி நீர் வேண்டாம்.

முயலோடு சேர்த்து வளர்ப்பது அழகாகத் தோன்றும். ஆனால் போர்டெட்டெல்லா என்னும் பாக்டீரியா முயலிலும் நாயிலும் எந்த நோயும் காட்டாமல் தங்கியிருந்து, கினிப்பன்றிக்குத் தொற்றினால் நிமோனியாவைத் தரும். நாய் இருமிக்கொண்டிருந்தால் அதைத் தனி அறையில் வைக்க வேண்டும். புதிதாக வாங்கிய கினிப்பன்றியையும் இரண்டு, மூன்று வாரம் வேறு அறையில் வைத்துப் பார்த்தபிறகே பழையவற்றோடு சேர்க்க வேண்டும். நம் சளிக்கும் இதில் பங்குண்டு; மனிதரின் இன்ஃபுளூயன்சா வைரஸ் கினிப்பன்றிக்குத் தொற்றும்.

கடைசியாக, மூன்று வயதைக் கடந்த பிராணியில் ஆன்டிபயாடிக் முடித்தபின்னும் ‘ஹூக், ஹூக்’ என்ற சத்தம் அவ்வப்போது வந்து, பசியும் கண்களும் தெளிவாக இருந்தும் அது முன்போல் ஓடியாடாமல் சோர்ந்திருக்கிறது என்றால், மருந்தை மாற்றிக்கொண்டே போவது பயனில்லை. இதயம் பெருத்து நுரையீரலில் நீர் கோத்தாலும் இப்படித்தான் இருக்கும். நெஞ்சு எக்ஸ்ரேயும், வசதி இருந்தால் இதய ஸ்கேனும் கேட்க வேண்டும். நீர் கோத்திருப்பது உறுதியானால் அந்த நீரை வெளியேற்றும் ஃப்யூரோசமைடு, இதயத்துக்கு வலுவூட்டும் பிமோபென்டான் போன்ற மருந்துகளோடு ஒரு கினிப்பன்றி மாதக்கணக்கில் நன்றாகவே வாழலாம். அதன் ஓய்வு மூச்சை வாரம் ஒருமுறை எண்ணி, எடையோடு சேர்த்து எழுதி, அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் காட்டினால் மருந்தின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவுசெய்ய அவருக்கு அது போதும்.